கை தட்டினால் டிரா ஆகுமா?

என் கணவர் சகேயாசி பேசுவதற்கென்றே பிறந்தவர். பேச்சு மட்டும்தான் வராது.

அவர் பிறந்தது தலைவருக்காகப் பேசும் குலத்தில். எங்கள் தீவுகளில் ஊர்த் தலைவர் தன் வாயால் எதையும் கேட்க மாட்டார், எதற்கும் பதிலும் சொல்ல மாட்டார். அவருக்குப் பதிலாகக் கணீரென்று பேச ஒருவர் பாயில் உட்கார்ந்திருப்பார். என் மாமனார் அந்த வேலையில் பெயர் போனவர். அவருக்குப் பிறகு மூத்த மகன் அந்த இடத்துக்கு வர வேண்டும். மகனைச் சபையில் உட்கார வைத்தால் "மதிப்புக்குரிய" என்று ஆரம்பிப்பார், அதற்கப்புறம் பாயின் ஓரத்து நூலை எண்ண ஆரம்பித்துவிடுவார். மாமனார் இரண்டு முறை பொறுத்துப் பார்த்தார். பிறகு தன் தம்பி மகனைக் கூப்பிட்டு அந்த இடத்தில் உட்கார வைத்துவிட்டார்.

என் கணவர் வாய்க்குப் பதில் விசிலை எடுத்துக்கொண்டார். இந்தச் சவுசவு ஊர்ப் பள்ளியில் விளையாட்டு ஆசிரியர், சனிக்கிழமைகளில் ரக்பி நடுவர். விசில் ஊத இலக்கணம் தேவையில்லை. மஞ்சள் அட்டை காட்டும்போது "மதிப்புக்குரிய" என்று தொடங்க வேண்டியதும் இல்லை. மனிதருக்கு இதைவிடப் பொருத்தமான வேலை உலகத்தில் கிடையாது.

நான் ரேவா ஆற்றுப் பக்கத்துப் பெண். எங்கள் ஊரில் குழந்தை பிறந்ததும் அழாது, வாதாடும். அதனால் வீட்டில் பேச வேண்டியதை நானே பேசிவிடுகிறேன். அவருக்குச் சம்மதம் என்றால் புருவத்தைத் தூக்குவார். சம்மதம் இல்லை என்றால் அதையும் தூக்க மாட்டார். இந்தப் புருவத்தை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளையைப் பெற்று வளர்த்துக் கல்யாணமும் செய்து வைத்துவிட்டேன் என்றால் என் திறமையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நடுவர் என்றால் அப்படி ஒரு நடுவர். மாகாண இறுதி ஆட்டத்தில் எங்கள் மகன் ஜோயேலி எதிராளியின் கழுத்தைப் பிடித்து இழுத்தான். சிவப்பு அட்டையை எடுத்தார். பையன் "அப்பா!" என்று கையை விரித்தான். "மைதானத்துல யாருடா அப்பா?" என்று கேட்டார். அன்று அவர் பேசிய ஒரே வாக்கியம் அதுதான். அந்த ஆட்டத்தில் எங்கள் அணி தோற்றது. மீன் சந்தையில் எனக்கு நல்ல மீன் கிடைக்க வெகுநாள் ஆனது.

அவருக்கு ஒரே தங்கை, வசேமதா. சாலையைக் கடந்தால் அவள் வீடு. அண்ணனும் தங்கையும் வயது வந்த நாளிலிருந்து ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. சண்டை எல்லாம் இல்லை. எங்கள் வழக்கம் அப்படி. உடன்பிறந்த ஆணும் பெண்ணும் நேருக்கு நேர் பேசக் கூடாது, கேலி செய்யக் கூடாது, பக்கத்தில் பக்கத்தில் உட்காரக் கூடாது. பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகளுக்கும் இதே சட்டம்தான். அது மரியாதை. எத்தனை பிரியம் இருக்கிறதோ அத்தனை தூரம் தள்ளி நிற்க வேண்டும். இப்போது பல ஊர்களில் இதைத் தளர்த்திவிட்டார்கள். இவர்கள் குலத்தில் ஒரு நூல் கூடத் தளரவில்லை.

ஆனால் நாத்தனாரும் அண்ணியும் எவ்வளவு வேண்டுமானாலும் கிண்டல் செய்துகொள்ளலாம். அதற்கும் வழக்கம் இடம் கொடுத்திருக்கிறது. அந்த உரிமையில் நாங்கள் இரண்டு பேரும் ஒரு குறையும் வைத்ததில்லை. நான் வீட்டில் இல்லாதபோது மட்டும் வசேமதாவுக்குச் சிக்கல். அப்போது எங்கள் நாய் சார்ஜென்டிடம் பேசுவாள்.

"சார்ஜென்ட், இந்த வீட்ல யாருக்காவது மீன் கொழம்பு வேணும்னா வாசல்ல வச்சிருக்கேன். சட்டியத் திருப்பிக் குடுக்கணும்னு யாருக்காவது ஞாபகம் இருந்தா நல்லது."

என் கணவர் உள்ளே ஜன்னலோரம் நின்று, காது இரண்டையும் தீட்டி வைத்துக்கொண்டு கேட்பார். சட்டி திரும்பிப் போகும். அதற்குள் இரண்டு தேங்காயோ ஒரு தலோக் கிழங்கோ இருக்கும். அதுதான் அவர் பதில்.

இந்த மனிதர் செஸ் பக்கம் போனது மாதா கோயில் குலுக்கலால். முதல் பரிசு பன்றி. இவருக்கு விழுந்தது செஸ் பெட்டி. வீட்டுக்குக் கொண்டுவந்து அலமாரி மேல் வைத்துவிட்டு, பன்றி விழுந்தவன் வீட்டையே சாயங்காலம் வரை பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது வசேமதாவின் மகள் கெலேராவுக்கு ஏழு வயது. தங்கை பிள்ளை மாமன் வீட்டில் எதை எடுத்தாலும் மாமன் வாயைத் திறக்கக் கூடாது, அதுவும் எங்கள் வழக்கம். அந்த உரிமையில் அவள் அதற்குள் ஒரு சேவல், ஒரு குடை, என் புது வாளி எல்லாவற்றையும் எடுத்துப் போயிருந்தாள். அன்று செஸ் பெட்டியை எடுத்துப் போனாள். இரண்டாள் வேண்டிய விளையாட்டு என்று தெரிந்ததும் மறுநாள் வந்து மாமாவையும் எடுத்துப் போனாள்.

பெட்டிக்குள் இருந்த சின்னப் புத்தகத்தைப் பார்த்து இருவரும் சேர்ந்தே கற்றுக்கொண்டார்கள். ஒரு நாள் எங்கள் வீட்டுத் திண்ணையில் அவர் அபூர்வமாக வாயைத் திறந்து, ஒரு ராஜா இன்னொரு ராஜாவின் பக்கத்துக் கட்டத்துக்கு வரவே கூடாது, நடுவில் ஒரு கட்டமாவது விட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். கெலேரா கொஞ்சம் யோசித்தாள்.

"மாமா, ரெண்டு ராஜாவும் அண்ணன் தங்கச்சியா?"

அவர் எழுந்து அடுப்படிக்கு வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்.

இப்படியே ஆறு வருடம். பள்ளியில் செஸ் குழு ஆரம்பித்தார். பெண்களுக்குச் செவ்வாய், பையன்களுக்குப் புதன். பையன்களில் கெட்டிக்காரன் இலைத்தியா, கெலேராவின் பெரியப்பா மகன். அவளுக்கு அவன் அண்ணன் முறை. அதனால் ஒரே வாத்தியாரிடம் கற்றும், இரண்டு பேரும் ஒரு நாள் கூட எதிரெதிரே உட்கார்ந்ததில்லை.

சென்ற வருடம் தலைநகர் சுவாவிலிருந்து செய்தி வந்தது. தேசிய ஜூனியர் செஸ் போட்டிக்கு எங்கள் வடக்குப் பக்கத்திலிருந்து ஒரே ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்வார்களாம். அதற்கு இங்கே முறைப்படி ஒரு தகுதிப் போட்டி நடத்த வேண்டும். எட்டுப் பேர் ஆட வேண்டும், எல்லாரும் எல்லாரோடும் ஆட வேண்டும், ஒருவர் கூட நடுவில் விலகக் கூடாது. பார்வையிட சுவாவிலிருந்து ஆள் வருவார். சவுசவுவிலிருந்து இதுவரை ஒரு பிள்ளையும் அந்தப் போட்டிக்குப் போனதில்லை. கெலேரா அன்றிலிருந்து தூக்கத்தில் குதிரை நகர்த்த ஆரம்பித்தாள். "அண்ணி, நேத்து ராத்திரி என் மூக்கப் புடிச்சு ரெண்டு கட்டம் தள்ளி வச்சா," என்றாள் வசேமதா. மகள் சுவா போக வேண்டும் என்ற ஆசை மகளைவிட அம்மாவுக்குத்தான் அதிகம். அவளும் சின்ன வயதில் சுவாவுக்குப் படிக்கப் போக வேண்டியவள். கப்பலுக்கு முதல் நாள் அவள் அம்மா நோயில் படுத்துவிட்டார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

என் கணவர் போட்டி நடத்துகிறார் என்றதும் நான் சிரித்த சிரிப்புக்குச் சார்ஜென்ட் எழுந்து வெளியே போய்விட்டது.

கோயில் கூடம் கிடைத்தது. பலகைகளை ரக்பி சங்கத்து ஆட்கள் அறுத்துக் கறுப்பும் வெள்ளையுமாகப் பூசிக் கொடுத்தார்கள். ஒரு பெட்டியில் கறுப்பு யானை ஒன்று தொலைந்திருந்தது, அதற்கு என் உப்புக் குப்பி போனது. பக்கத்து அறையில் பாட்டுக் குழு பயிற்சி செய்யும். இரண்டு நாளைக்கு நிறுத்துங்கள் என்று கேட்க இவருக்கு வாய் வரவில்லை. நான்தான் போய்க் கேட்டேன். அவர்கள் நிறுத்தவில்லை. மெதுவாகப் பாடுகிறோம் என்றார்கள். மெதுவாகப் பாடும் நாற்பது பேரை நீங்கள் கேட்டதில்லை.

வெள்ளிக்கிழமை காலை சுவாவிலிருந்து தேவ் சார் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கைப்பெட்டி நிறையக் கடிகாரங்கள். நடுவர் சகேயாசியா என்று கேட்டு, அவர் கழுத்தில் தொங்கிய விசிலை இரண்டு முறை பார்த்தார். அவர் கேள்வி கேட்பதற்குள் என் கணவர் ஆட்டம் தொடங்கட்டும் என்று விசிலை ஊதினார். எட்டுப் பிள்ளைகளும் எழுந்து மைதானத்துக்கு ஓடினார்கள். பழக்கதோஷம். திரும்பப் பிடித்துவரக் கால் மணி நேரமானது.

இரண்டாவது சுற்றில் ஒரு பொடியன் பக்கத்துப் பலகையைப் பார்த்துக் கிசுகிசுத்தான். மஞ்சள் அட்டை. அவன் மரியாதையாக எழுந்து, ரக்பியில் உட்கார்வது போலவே வெளியே போய் பெஞ்சில் பத்து நிமிஷம் உட்கார்ந்தான். கடிகாரம் ஓடி அவன் தோற்றுப் போனான்.

"சகேயாசி சார்," என்றார் தேவ் சார், ரொம்பப் பணிவாக, "அந்த விசிலும் அட்டையும் கொஞ்சம் எங்கிட்ட குடுத்து வைக்கிறீங்களா?"

"குடுங்க ஜோயேலி அப்பா," என்றேன் நான். "கையில இருந்தா தானா ஊதும்."

கொடுத்தார். கழுத்தில் கயிறு இருந்த இடத்தைத் தடவிக்கொண்டே அன்று முழுக்க நடந்தார்.

சனிக்கிழமை மத்தியானம் கடைசிச் சுற்று மட்டும் பாக்கி. கெலேரா முதலிடம். இலைத்தியா அவளுக்கு அரைப் புள்ளி பின்னால். மற்றவர்கள் எல்லாரும் எங்கேயோ. கடைசி ஆட்டம் இவர்கள் இருவருக்கும். கெலேராவுக்கு டிரா போதும், சுவா அவளுடையது. இலைத்தியாவுக்கு ஜெயித்தே ஆக வேண்டும்.

இலைத்தியாவின் அப்பா கூடத்துக்கு வெளியே நின்று பெருங்குரலில் ஆரம்பித்தார். "பொண்ணுக்கு வயசு இருக்கு. அடுத்த வருசம் போகட்டும். இந்த வருசம் அண்ணனுக்கு விட்டுக் குடுத்தா என்ன கொறஞ்சு போச்சு?"

வசேமதா அவருக்குத் தம்பி மனைவி. இடுப்பில் கை வைத்தாள். "மச்சான், உங்க பையன் ஜெயிச்சு வாங்கிக்கட்டும். விட்டுக் குடுக்க எம் மக என்ன பஸ்ல சீட்டா போட்டு வச்சிருக்கா?"

உள்ளே தேவ் சாருக்கு வேறு கவலை. "ஆட்டத்துக்கு முன்னாடி ரெண்டு பேரும் கை குலுக்கணும்."

என் கணவர் புருவத்தைத் தூக்கவில்லை. தேவ் சார் என்னைப் பார்த்தார்.

"அண்ணன் தங்கச்சி சார்," என்றேன். "தொட மாட்டாங்க. பேசவும் மாட்டாங்க."

"பேசவே மாட்டாங்களா? அப்ப டிரா எப்படிக் கேப்பாங்க?"

யாரும் அதுவரை யோசிக்கவில்லை. தேவ் சாரும் இந்தத் தேசத்தில் பிறந்து வளர்ந்தவர்தான், ஆனால் சுவாக்காரர். கன்னத்தைச் சொறிந்தார். "நடுவர் மூலமா கேக்கட்டும். ஒருத்தர் நடுவர் காதுல சொல்லணும், நடுவர் இன்னொருத்தர்கிட்ட சொல்லணும். அந்த நேரத்துக்குக் கடிகாரத்த நிறுத்திடலாம். ஆனா நடுவர் அந்தப் பொண்ணுக்கு மாமான்னு சொல்றாங்களே?"

"பையனுக்கும் ஒரு வழில மாமாதான் சார்," என்றேன். "சொந்தமில்லாத நடுவர் வேணும்னா கடல்ல இருந்து மீனத்தான் கூட்டியாரணும்."

"சரி. சுருக்கமா கேட்டாப் போதும். ஒரு வார்த்தை."

ஒரு வார்த்தை என்றதும் என் கணவரின் முகத்தில் நிம்மதி தெரிந்தது. பிள்ளைகள் இருவரும் ஆளுக்கொரு பக்கமாக அவர் கையைக் குலுக்கினார்கள். ஆட்டம் தொடங்கியது.

ஊரே கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தது. எனக்குக் காய்களின் பெயரைத் தவிர ஒன்றும் தெரியாது. அதனால் வசேமதாவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு மகள் சொல்லிக் கொடுத்திருந்தாள். நல்ல நகர்த்தல் என்றால் பாயின் ஓரத்தை விடுவாள், கெட்டது என்றால் முறுக்குவாள். ஒரு மணி நேரத்துக்கெல்லாம் பாய் கயிறாகிவிட்டது. இலைத்தியாவிடம் ஒரு சிப்பாய் அதிகம்.

அப்போது கெலேரா ஒரு காயை நகர்த்திவிட்டு மாமாவைப் பார்த்தாள். அவர் குனிந்து போனார். அவர் காதில் டிரா என்று சொன்னாள். கடிகாரம் நின்றது.

என் கணவர் இலைத்தியாவின் பக்கம் திரும்பினார். ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் வாயைத் திறந்தார், மூடினார். பாயின் நூலைப் பார்த்தார். சரி, எண்ண ஆரம்பித்துவிட்டார் என்று நான் நினைத்தேன். அவர் மெல்ல முழங்காலை மடித்துத் தரையில் உட்கார்ந்தார். முதுகு நிமிர்ந்தது. பிறகு ஒரு குரல் வந்தது. எங்கள் வீட்டில் நான் ஒரு நாளும் கேட்காத குரல். என் மாமனாரின் குரல்.

"மதிப்புக்குரிய கறுப்புப் படையின் தலைவரே! உங்கள் நிலத்தை வணங்குகிறேன், உங்கள் கடலை வணங்குகிறேன், உங்களுக்கு முன் இந்தப் பாயில் அமர்ந்தவர்களை வணங்குகிறேன். வெள்ளைப் படையின் தலைவியிடமிருந்து ஒரு சிறு சொல்லைச் சுமந்து வந்திருக்கிறேன். என் கைகள் வெறுமையானவை, சொல்லும் சிறியது. காலையிலிருந்து உங்கள் குதிரைகள் ஓடிக் களைத்தன. எங்கள் குதிரைகளும் களைத்தன. எங்கள் ராணி விழுந்தாள், உங்கள் ராணியையும் நாங்கள் விட்டுவைக்கவில்லை, அதற்குப் பொறுத்தருள வேண்டும். இரு பக்கத்துக் கோட்டைகளிலும் இப்போது காற்றுதான் குடியிருக்கிறது. ஒரே படகில் வந்த முன்னோர்களின் பிள்ளைகள் நீங்கள். இந்த மாலையில் இரு படையும் ஒரே நிழலில் இளைப்பாறலாமா என்று தலைவி கேட்கிறார். சிறிய சொல், சிறிய சொல். அதை உங்கள் முன் வைக்கிறேன்."

பக்கத்து அறையில் பாட்டு நின்றுபோயிருந்தது. பேச்சு முடிந்ததும் கூடம் முழுவதும் கையைக் குழித்து, தொம், தொம், தொம் என்று மூன்று முறை தட்டியது. அப்படிப்பட்ட பேச்சு முடிந்தால் கை தானாகத் தட்டும், எங்களுக்கு அது மூச்சு விடுவது மாதிரி. நான் தட்டினேன். வசேமதா கண்ணைத் துடைத்துக்கொண்டே தட்டினாள். இலைத்தியாவின் அப்பா தட்டினார். தேவ் சாரும் தட்டினார். தலை குனிந்து உட்கார்ந்திருந்த இலைத்தியாவும் தட்டினான்.

தேவ் சார்தான் முதலில் விழித்துக்கொண்டார். "கை தட்டினா என்ன அர்த்தம்?"

கூடத்தில் எல்லாருக்கும் அர்த்தம் தெரியும். பெற்றுக்கொண்டோம் என்று அர்த்தம்.

"அப்ப ஒத்துக்கிட்டான்," என்றார். "டிரா."

வசேமதா என் தொடையைக் கிள்ளினாள். இன்றும் அந்த இடம் கறுத்திருக்கிறது.

"எங்க ஒத்துக்கிட்டான்?" இலைத்தியாவின் அப்பா எழுந்துவிட்டார். "எம் மகன் வாயே தெறக்கல!"

"கை தட்டினானே."

"நீங்களுந்தான் தட்டினீங்க! நீங்களும் ஒத்துக்கிட்டீங்களா? நானுந்தான் தட்டினேன், என்ன சுவாவுக்கு அனுப்புவீங்களா?"

"மச்சான், உங்கள அனுப்பக் கப்பல் தாங்காது," என்றாள் வசேமதா.

தேவ் சார் இலைத்தியாவிடம் குனிந்தார். "தம்பி, நீ சொல்லு. டிராவுக்குச் சரின்னுதான் தட்டினியா?"

பையன் காது மடல் சிவக்க உட்கார்ந்திருந்தான். "தெரியல சார். மாமா பேசினாரு. கை தானா தட்டிருச்சு."

தேவ் சார் கைப்பெட்டியைத் திறந்து மூடினார். இந்த விஷயம் அவருடைய விதிப் புத்தகத்தில் எந்தப் பக்கத்திலும் இருந்திருக்காது. "நடுவர் நீங்க," என்றார் என் கணவரைப் பார்த்து. "நான் பாக்க வந்தவன்தான். நீங்க என்ன சொல்றீங்களோ அத எழுதிக்கிறேன்."

என் கணவர் பேசாமல் இருந்தாலே போதும். புருவத்தைத் தூக்கினால் போதும், மருமகள் கப்பலேறிவிடுவாள். கெலேரா பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், மாமாவைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். தூக்குங்க, தூக்குங்க என்று மனதுக்குள் கத்தினேன். எனக்கு நியாயம் எல்லாம் அப்புறம், முதலில் கெலேரா. அவர் கை கழுத்துக்குப் போய் விசிலைத் தேடியது. இல்லை. அதனால் வாயாலேயே சொல்ல வேண்டியதாயிற்று.

"கை தட்டினது பேச்சுக்கு," என்றார். "டிராவுக்கு இல்ல. ஆட்டம் தொடரும்."

"அண்ணா!"

குரல் கூரையில் பட்டுத் திரும்பி வந்தது. யார் என்று எல்லாரும் திரும்பினோம். என் பக்கத்தில் வசேமதா நின்றுகொண்டிருந்தாள். கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இத்தனை வருடத்தில் அவள் அவரை நேராகப் பார்த்துச் சொன்ன முதல் சொல். அவர் கை மறுபடி கழுத்தில் விசிலைத் தேடியது. அவள் பாயைத் தாண்டி வெளியே ஓடிவிட்டாள்.

கடிகாரம் மறுபடி ஓடியது. அப்புறம் நடந்ததை நான் பாதிதான் பார்த்தேன், மீதி நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். இலைத்தியா அந்த ஒரு சிப்பாயைத் தள்ளிக்கொண்டே போனான். நல்ல பையன், நன்றாகத்தான் ஆடினான். கெலேராவின் ராஜா நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்து நடந்து குறுக்கே வந்தது. காய்கள் ஒவ்வொன்றாக வெளியேறின, என் உப்புக் குப்பியும் போனது. கடைசியில் அவள் ராஜா அந்தச் சிப்பாயை எடுத்தபோது பலகையில் இரண்டு ராஜாக்கள் மட்டும் மிஞ்சின. நடுவில் ஒரு கட்டம் காலி.

ராஜாவும் ராஜாவும் மட்டும் மிஞ்சினால் அது டிரா. யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. தேவ் சார் சொன்னார், இதற்குப் பேச்சு வேண்டாம், கை தட்டலும் வேண்டாம், ஆட்டம் தானே முடிந்துவிடும் என்று. இலைத்தியா எழுந்து என் கணவரின் கையைக் குலுக்கினான். "மாமா, சுவால நல்லா ஆடச் சொல்லுங்க," என்றான். கெலேரா ஓர் எட்டுத் தள்ளித்தான் உட்கார்ந்திருந்தாள், காது நன்றாகக் கேட்கும். மாமாவிடம் சொன்னாள், "கடைசிச் சிப்பாய அவ்ளோ சீக்கிரம் தள்ளியிருக்க வேணாம்னு சொல்லுங்க மாமா." அவன் சிரித்தான், சுவரைப் பார்த்து.

நான் வெளியே ஓடினேன். வசேமதா ஈரப்பலா மரத்தடியில் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"டிராடி! உம் மக போறா!"

அவள் கையை எடுக்கவில்லை. "வாய் தவறிருச்சு அண்ணி. யாருக்காவது கேட்டுச்சா?"

"சவுசவு பூராவும் கேட்டுச்சு. மலைக்கு அந்தப் பக்கம் லம்பாசாவுல கேட்டுச்சான்னுதான் தெரியல."

"அவருக்கு?"

"மூணு அடி தூரத்துல நின்ன மனுசன் காதுல விழாம இருக்குமா?"

"ஐயோ," என்று மறுபடி முகத்தை மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரம் அழுதாள், பிறகு சிரித்தாள், பிறகு எது எதற்கு என்று எனக்கே குழம்பிவிட்டது. நானும் சேர்ந்து இரண்டையும் செய்தேன்.

அன்று சாயங்காலம் வாசலில் சட்டி வைக்கும் சத்தம் கேட்டது. தேங்காய்ப்பாலில் வெந்த மீன் வாசம்.

"சார்ஜென்ட்," என்றாள் வசேமதா, வழக்கத்தைவிட ரொம்பக் கறாராக. "திங்கக்கிழம சாயங்காலம் கப்பல். அந்தப் பொண்ணு கூட அவ மாமாவும் அத்தையும் வருவாங்கன்னு சொல்லிட்டேன். வெள்ளச் சட்டைய இஸ்திரி போட்டு வைக்கச் சொல்லு. அங்க போய் பெரிய பெரிய பேச்செல்லாம் பேச வேணாம்னும் சொல்லு."

நாய் வாலை ஆட்டியது. செருப்புச் சத்தம் சாலையைக் கடந்து போனது.

என் கணவர் ஜன்னலை விட்டு நகரவில்லை. நான் மரவள்ளியை எடுத்து வைத்து, மீனைப் பங்கு போட்டு, இரண்டு முறை கூப்பிட்ட பிறகுதான் வந்து உட்கார்ந்தார். சாப்பிடவில்லை.

"உனக்குக் கேட்டுச்சா?" என்றார்.

"எது?"

"மத்தியானம். அவ கூப்பிட்டது."

"ஊருக்கே கேட்டுச்சு."

"என்னன்னு கூப்பிட்டா?"

"அண்ணான்னு."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஒரு மீன் முள்ளை எடுத்து ரொம்ப நேரம் தட்டோரத்தில் வைத்துப் பார்த்தார். "அவ கொரல் எப்படி இருந்துச்சு?"

"கோவமா இருந்துச்சு. கொன்னுபோடற மாதிரி இருந்துச்சு."

"ம்," என்றார். "எங்க அம்மா கொரல் மாதிரியே இருந்துச்சு."

இந்த மனிதரிடம் என் முகத்தைக் காட்டக் கூடாது என்று எழுந்து தண்ணீர் எடுக்கப் போனேன். அவர் பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"அடுத்த வருசமும் போட்டி நம்மதான் நடத்தறோம்."

"நடத்துங்க. அதுக்கென்ன?"

புருவம் இரண்டையும் தூக்கி, திருட்டுப் பையன் மாதிரி என்னைப் பார்த்தார்.

"அவளுக்குக் கோவம் வர்ற மாதிரி இன்னொரு தீர்ப்பு சொல்ல வழி இருக்கான்னு இப்பவே யோசிச்சு வையி."